மூச்சு பாக்கி

சட்டைப்பையில் கிடந்த போன் மறுபடியும் நெஞ்சில் அதிர்ந்தது. காஸ்பர் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், வணக்கம் காஸ்பர், இன்றைய மூச்சு பாக்கி, ஊதலாமா என்று இருக்கும், பக்கத்தில் சிரிக்கிற நுரையீரல் படம் ஒன்று, நுரையீரலுக்குப் போய்க் கண்ணும் வாயும் வைத்திருக்கிறான்கள், எவன் வரைந்தானோ. தூத்துக்குடி ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காக வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் தண்டவாளம் வளைந்து மறைகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவரும் பார்த்தார், ஆனால் வண்டி வந்துவிடக்கூடாது, இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, பெற்ற மகள் வருகிற வண்டி, பிறந்ததிலிருந்து கையில் வாங்காத பேத்தி வருகிற வண்டி, அது தாமதமாகட்டும் என்று நினைக்கிற மனுஷன் என்ன மனுஷன். வாயில் கிராம்பு இருந்தது. விரல்களைப் பிளாட்பாரக் குழாயில் கழுவி, சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்து வேப்பங்கொழுந்தைக் கிள்ளிக் கசக்கித் தேய்த்து, மறுபடி கழுவி, முகர்ந்து பார்த்தார். வேம்பும் இருந்தது, அதற்கு அடியில் அதுவும் இருந்தது. அந்தச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் நின்று பீடி குடித்தார், சுவரைப் பார்த்தபடி, மூத்திரம் பெய்கிறவன் நிற்கிற மாதிரி. ஒன்று குடித்துவிட்டு, வண்டி தாமதம் என்று அறிவித்ததும் போய் இன்னொன்று. இரண்டாவது எதற்கு? முதலாவதைக் குடித்த பயத்தைத் தணிக்க. இப்படித்தான் வருஷக்கணக்காக ஒன்றின் பயத்தை இன்னொன்றால் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார், கன்டெய்னர் யார்டில் சரக்கு எண்ணிக்கை பார்க்கிற வேலை, வெயில், லாரிப் புகை, அதற்கு நடுவில் இந்தப் புகை ஒரு புகையா என்றுதான் முன்பெல்லாம் சொல்லுவார், சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

பிள்ளை நாள் முந்திப் பிறந்தது. மாப்பிள்ளை வீடியோவில் காட்டினார், கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு ஒரு உயிர், மூக்கில் குழாய், மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது, அந்தக் குழியைப் பார்த்தபோது காஸ்பருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, அங்கே தீப்பெட்டி இருந்தது, அந்த நிமிஷத்தில்கூட. பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு டாக்டர் சொன்னதை ரெனிட்டா போனில் அப்படியே சொன்னாள், அப்பா, பாப்பா இருக்கிற வீட்டில் புகை கூடாதாம், பக்கத்தில் குடிக்காமல் இருந்தால் போதாதாம், சட்டையில் இருக்கிறது, தலைமுடியில் இருக்கிறது, அதுகூட அவளுக்கு ஆகாதாம். அவள் கெஞ்சவில்லை, திட்டவில்லை. நீங்க விடுங்க, நான் பிள்ளையத் தூக்கிட்டு வாரேன், ஞானஸ்நானம் நம்ம ஊரிலேயே வச்சுக்கலாம் என்றாள். மறுவாரம் கூரியரில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது, பேனா மூடி தடிமனுக்கு ஒரு கருவி, போனில் ஒரு ஆப். தினம் காலையும் சாயங்காலமும் கருவியை ஊத வேண்டும், ஊதினால் மூச்சில் இருக்கிற புகைநஞ்சைக் கண்டுபிடித்துப் போனில் நிறம் காட்டும், பச்சை, மஞ்சள், சிவப்பு. அதே நிறம் அதே நேரத்தில் துணை என்று யாரைச் சேர்த்திருக்கிறோமோ அவர் போனுக்கும் போகும். துணை ரெனிட்டா. மனைவி விக்டோரியா அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருவிழாக் கடையில விக்கிற பீப்பி மாதிரியில்லா இருக்கு" என்றாள், அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பீப்பி என்றே பேர்.

முதல் ஊதலில் நல்ல சிவப்பு. ரெனிட்டா வீடியோவில் கைதட்டினாள், சிவப்புதான்பா ஆரம்பம், இனிமே இறங்கும் பாருங்க. இறங்கத்தான் செய்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னால் இனி யாரும் நம்பப்போவதில்லை, முதல் வாரம் அவர் நிஜமாகவே விட்டிருந்தார். மண்டை இடித்தது, யார்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார், கடைக்குப் போகிற சந்தைத் தவிர்த்து மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், ஆசை வந்தால் ஆப்பில் ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும், அதோடு சேர்ந்து மூச்சு விட வேண்டும், கன்டெய்னர்களுக்கு இடையில் நின்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி அந்த வட்டத்தைப் பார்த்து மூச்சு விட்டார். ஒரு சாயங்காலம் பச்சை வந்தது. அவருடைய சொந்த மூச்சுக்கு வந்த பச்சை. விக்டோரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். ரெனிட்டா அழுதாள். அந்தப் பச்சைதான் வினையாகப் போனது என்று இப்போது தோன்றுகிறது, அது வராமலே இருந்திருந்தால் காப்பாற்ற எதுவும் இருந்திருக்காது. மழை பெய்த ஒரு மத்தியானம், சேலத்திலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருத்தர் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார், முகம் தெரியாத மனுஷன், பாக்கெட்டை நீட்டினார், இவர் எடுத்தார். அவ்வளவுதான். துக்கமில்லை, சண்டையில்லை, ஒரு காரணமும் இல்லை. கை போயிற்று, எடுத்தது. ஒரு காரணம் இருந்தால்கூடத் தேவலை, அதைத் தூக்கிக் காட்டலாம். அன்று சாயங்காலம் போன் அதிர்ந்தபோது பீப்பியை விக்டோரியாவிடம் நீட்டி, "இது சரியா வேலை செய்யுதான்னு பாப்போம், நீ ஒருக்கா ஊது" என்றார். அவள் ஊதினாள். பச்சை. அது ரெனிட்டாவுக்குப் போய்விட்டது என்று அவள் கண்டுகொண்டது அவர் முகத்தைப் பார்த்துத்தான். மறுநாள் அவர் சாக்கு எதுவும் சொல்லவில்லை, நீட்டினார், அவள் வாங்கினாள், ஊதினாள், சேலைத்தலைப்பால் வாய்ப்பக்கத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கடுத்த நாளும். திட்டியிருந்தால் நிறுத்தியிருப்பாரோ? அவள் தலையில் ஏன் போடுகிறாய், காஸ்பர், வெட்கங்கெட்டவனே. அவளுக்கு மகளைப் பார்க்க வேண்டும், பேத்தியை மடியில் போட வேண்டும், அதற்காக ஊதினாள், முப்பது வருஷமாக அவர் சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டுத் துவைக்கப் போடுகிறவள், அதுபோல இதையும் செய்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது, இந்தத் தடவை வேறு மாதிரி, ரெனிட்டாவின் செய்தி. மீளவிட்டான் வந்துட்டோம்பா, சிக்னல்ல நிக்குது, பாப்பா தூங்குறா. கீழே இன்னொரு வரி, இன்னைக்குப் பச்சை இன்னும் வரலையே, மறந்துட்டீங்களா? ஒரு சிரிப்புப் பொம்மை. மீளவிட்டான். பொடிப்பையனாக இருந்ததிலிருந்து கேட்கிற ஊர்ப்பேர், தூத்துக்குடிக்கு முந்தின ஸ்டேஷன், அதை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை, இப்போது அது தானாகப் பிரிந்துகொண்டது. மீள விட்டான். விட்டான், மீளப் பிடித்தான். பிடித்தான், மீள விட்டான். மீளவே விட்டானா, மீளாமல் விட்டானா, நாக்கு வாய்க்குள் சுற்றிச் சுற்றி அதையே சொன்னது, கிராம்பு காரம் தொண்டையில் இறங்கியது. இன்று காலையில் விக்டோரியா சீலா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், பீப்பியைக் கொண்டுபோய் நீட்டினார், நேரமாகுது, ஒரு ஊது ஊதிரு என்றார். அவள் தலையைத் தூக்கவில்லை. கத்தி நின்றது. "இன்னைக்கு நீங்களே ஊதுங்க. அந்தப் பிள்ள நம்ம வீட்டுக்குள்ள வருது." அவ்வளவுதான் சொன்னாள், மறுபடி கத்தி ஓடியது. அவர் பீப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார், ஏதோ வழி கிடைக்கும் என்று, சார்ஜ் இல்லை என்று சொல்லலாம், தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம், சொல்லத்தான் எத்தனை இருக்கிறது.

மஞ்சள் வந்த அன்று சொன்னாரே, அது மாதிரி. அதை நினைக்கக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்தார், சோடா பாட்டில், பெஞ்சு, எடை பார்க்கிற மிஷின், எல்லாவற்றிலும் அந்த மஞ்சள்தான் இருந்தது. விடாத மழை, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்த வீடு, வெளியே போக முடியாமல் பகல் முழுவதும் அறைக்குள்ளேயே குடித்தார், விக்டோரியா அதே அறையில் உட்கார்ந்து குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஊதினாள். மஞ்சள். பழுதோ என்று மறுபடி ஊதினாள், மறுபடியும் மஞ்சள். "நான் எங்க குடிச்சேன்?" என்று சிரித்தாள். சிரித்தவள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள், சாரல் தைத்த துணி மேலெல்லாம் அடித்தது. அதற்குள் போன் அடித்துவிட்டது, ரெனிட்டா. அப்பா, இன்னைக்கு ஒண்ணு இழுத்துட்டீங்களா? பரவால்லப்பா, ஒண்ணுதானே, இப்படி நடக்குமாம், ஆப்பிலேயே போட்டிருக்கு, மனசு விட்றாதீங்க, நாளைக்குப் பச்சையாயிரும். அவர் சொன்னார், ஆமாம்மா, ஒண்ணே ஒண்ணு, மன்னிச்சிரு. மன்னிச்சிரு என்று வேறு. மனைவியின் நெஞ்சுக்குள் போன புகைக்கு மகளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டார், அதுவும் ஒன்று என்று கணக்கைக் குறைத்து. ஜன்னலோரம் நின்ற விக்டோரியாவின் முதுகு அதைக் கேட்டது. திரும்பவில்லை. அன்றிலிருந்து அவர் மொட்டை மாடியில் போய்க் குடித்தார், அதைப் பெரிய தியாகம் போல ஒரு நாலு நாள் முகத்தில் வைத்துக்கொண்டு வேறு திரிந்தார்.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு கன்னியாஸ்திரி வந்து உட்கார்ந்தார், நடுவயசு, மடியில் குடை. இவர் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தார். காஸ்பருக்குள் ஒன்று சட்டென்று எழுந்து உட்கார்ந்தது, வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"வண்டிக்கா சிஸ்டர்?"

"ஆமா ஐயா. எங்க மடத்துக்கு ஒரு சிஸ்டர் வர்றாங்க. நீங்க?"

"மக வருது. கைப்பிள்ளையோட." பை கனத்தது. எடுத்தார். "சிஸ்டர், ஒரு சின்ன உதவி. இது மூச்சுப் பாக்கிற கருவி. இதுல ஒருக்கா ஊத முடியுமா? வேலை செய்யுதான்னு பாக்கணும்." எவ்வளவு சுளுவாக வந்தது, விக்டோரியாவிடம் முதல் நாள் சொன்ன அதே சொற்கள், தேய்ந்து வழவழப்பாகியிருந்தன.

"அதுக்கென்ன, தாங்க." சிஸ்டர் தயங்கவே இல்லை, பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வாய்ப்பக்கத்தைத் துடைத்தார். "யாருக்காக வாங்கினீங்க ஐயா, ஆஸ்துமாக்காரங்க இருக்காங்களா வீட்டுல?"

"பேத்திக்கு" என்றார் காஸ்பர். அது பொய் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது, இத்தனை நாளில் இந்தக் கருவியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

"அடடா. சின்னப் பிள்ளைக்கா? ஜெபத்துல வச்சுக்கிறேன். பிள்ளை பேரு என்ன?"

பெயர் வாயில் வரவில்லை. நாக்கில் கிராம்பும் வேம்பும் அதுவும் சேர்ந்து கசந்தன, அந்தப் பெயரை இந்த வாயால் சொல்வதா. அந்த அம்மா ஊத வாயருகே கொண்டுபோய்விட்டார், கன்னம் உப்பத் தொடங்கிவிட்டது, ஒரு மூச்சு, முன்பின் தெரியாத ஒரு புண்ணியவதியின் சுத்தமான மூச்சு ரெனிட்டாவின் கைக்குப் பச்சையாகப் போய் இறங்கப்போகிறது, அவள் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

"வேண்டாம் சிஸ்டர்." கை நீட்டிப் பிடுங்கிவிட்டார். அந்த அம்மா திகைத்துப் பார்த்தார். "வேண்டாம். மன்னிச்சிருங்க. நான்தான் ஊதணும்." காஸ்பரின் மூச்சு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், அந்தச் சிஸ்டரின் முகத்தில் ஒரு சின்ன அசைவு, மூக்கருகே, உடனே அதை மறைத்துக்கொண்டு குடையைப் பார்த்தார். முகம் சுளித்திருந்தால் தாங்கியிருக்கலாம், மறைத்துக்கொண்டதுதான் சுட்டது.

காஸ்பர் பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்தார், கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடம். ரெனிட்டா ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம் லீவுக்கு வந்தபோது சொன்னாள், அங்க வாட்ச்மேன் தாத்தா பீடி பத்த வச்சா நீங்க வந்துட்ட மாதிரி இருக்கும்பா, ஓடிப் போயிக் கேட்டைப் பாப்பேன். அதை அவர் யார்டில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். காய்ச்சலில் நெஞ்சில் போட்டு உறங்கவைத்த பிள்ளை, முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கும், அது எதை இழுத்து இழுத்துத் தூங்கியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, அப்பா வாசம், அதுதான் அப்பா வாசம். கொடுத்தது அவ்வளவுதானா. இப்போது ஊதினால் சிவப்பு போகும். சிவப்பு போனால் அவரோடு நிற்காது, விக்டோரியாவையும் இழுத்துக்கொண்டு போகும், எல்லாப் பச்சையும் யாருடையது என்று ரெனிட்டா கேட்பாள், சொல்ல வேண்டும், தாய் மேல் மகளுக்கு இருக்கிற நம்பிக்கையையும் சேர்த்து உடைக்க வேண்டும். விக்டோரியாவைக் காப்பாற்றவாவது ஊதாமல் இருக்கலாமே. நல்ல சாக்கு, காஸ்பர், இதுவும் நல்ல சாக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெனிட்டா அப்படியே அடுத்த வண்டியில் திரும்பிப் போய்விடுவாளோ? போகட்டும். போனால் அந்தப் பிள்ளைக்கு நல்லதுதானே. இல்லை, போகவேண்டாம், மாதாவே, போகவேண்டாம். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. கன்னத்தில் அதக்கியிருந்த கிராம்பைத் துப்பினார். பீப்பியை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, ஊதினார். பாதியில் இருமல் முட்டியது, விடவில்லை, கண்ணில் நீர் தெறிக்க அடிவரை ஊதினார். போன் யோசித்தது. சிவப்பு. முதல் நாளைவிடச் சிவப்பு. துணைக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது, பிறகு, துணை பார்த்தார். போன் கையில் அடிக்கும் என்று காத்திருந்தார், அடிக்கவில்லை.

வண்டி வந்து நின்றது. எஸ் ஐந்து. முதலில் பெட்டி, பிறகு பை, யாரோ ஒரு பையன் இறக்கிக் கொடுத்தான், பிறகு ரெனிட்டா, இளைத்திருந்தாள், நெஞ்சோடு சேர்த்துத் துணியில் சுருட்டிய பிள்ளை. காஸ்பர் நாலடி தள்ளியே நின்றார். அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று தேடினார், தூக்கம் கெட்ட கண்கள்தான் இருந்தன.

"எத்தனை நாளாப்பா?"

"முதல் வாரம் நெசமா விட்டேன். அதுக்கப்புறம் எல்லாம்... நான் ஊதல."

"பின்ன யாரு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மாவா?" அவள் குரல் இறங்கியது. "அம்மாவ ஊதச் சொன்னீங்களா?"

"நான்தான் நீட்டுனேன். அவ மேல தப்பில்ல. அவகிட்ட ஒண்ணும் கேக்காத, ரெனி."

கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிறகு அவள் புருவம் மெல்ல ஒடுங்கியது, எதையோ எண்ணிச் சரிபார்க்கிறவள் மாதிரி, அவருக்குத் தெரிந்துவிட்டது அது எங்கே போய் நிற்கும் என்று, போய் நிற்பதற்கு முன் பூமிக்குள் போய்விட முடியாதா என்றிருந்தது.

"அப்ப அன்னைக்கு மஞ்சள் வந்துச்சே" என்றாள். "நான்கூடப் பரவால்லன்னு சொன்னேனே. அது?"

"அவ மூச்சுதான்."

ரெனிட்டா பக்கத்திலிருந்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள், மூடியபடியே அவரைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் அவர் யார்டில் வேலை பார்க்கிற காஸ்பரும் இல்லை, அப்பாவும் இல்லை, தன் தாய் மூச்சுவிடுகிற அறையில் இத்தனை வருஷம் இருந்த ஏதோ ஒன்று. அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. துணிக்குள் பிள்ளை நெளிந்தது, பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவர் கைகள் இரண்டும் அவரைக் கேட்காமலே முன்னால் நீண்டன, நீண்டது தெரிந்ததும் நெருப்பைத் தொட்டவர் போலப் பின்னுக்கு இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அவள் அதைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

"வீட்டுக்குப் போயி, தலையோட குளிச்சி, சட்டைய மாத்திட்டு பிள்ளைய வாங்கிக்கங்க" என்றாள். "அம்மாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாரீங்க. இப்ப பையை எடுங்க."

குளிச்சிட்டு வாங்கிக்கங்க. அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவர் பெட்டியை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டார். அவள் முன்னால் நடந்தாள், தோளுக்கு மேல் பிள்ளையின் முகம் தெரிந்தது, வீடியோவில் பார்த்ததைவிடக் கறுப்பு, தூக்கக் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தது, இன்னும் யாரையும் அடையாளம் தெரியாத பார்வை. வாசலைத் தாண்டியதும் கடல்காற்று பின்னாலிருந்து அடித்தது, அவர் சட்டை படபடத்து முன்பக்கம் அவர்களை நோக்கிப் பறந்தது. காஸ்பர் சுமைகளோடு ஓடாத குறையாக அவர்களைச் சுற்றிக்கொண்டு காற்று போகிற பக்கத்துக்கு மாறினார். தெரு திரும்பிய இடத்தில் காற்றும் திரும்பியது. அவர் மறுபடி இந்தப் பக்கத்துக்கு வந்தார்.